பேட்டரிக்கு வைத்த பொட்டு

ராஜர்ஹாட், கொல்கத்தா
18.11.2024

மச்சானுக்கு,

நீங்களும் வசுமதி அக்காவும் பாளையங்கோட்டையில் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே மூச்சு மட்டும் கொஞ்சம் கடன், மற்றபடி சுகம். உங்கள் தங்கைக்கு முழங்கால் வலி. அது பழைய சிநேகிதம், விட்டுப் போகாது.

இதைப் போனில் சொல்லக் கூடாதா என்கிறாள் கோமதி. எனக்குப் பேச மூச்சு இல்லை. அனல் மின் நிலையத்து இரைச்சலிலேயே காலம் தள்ளிய உங்களுக்குக் கேட்கக் காது இல்லை. நாம் இரண்டு பேரும் போனில் பேசினால் கம்பெனிக்காரனுக்குத்தான் லாபம். மொபைலில் தமிழ் எழுத்தைத் தேடிக் குத்தப் பொறுமையும் இல்லை. ஆகையால் கடிதம்.

துறைமுகத்தில் ஓய்வு பெற்ற பணத்தில் இந்த வீட்டைக் கட்டியபோதே நிலத்தில் வில்லங்கம் இருக்கும் என்றீர்கள். இருந்தது. வழக்கு முடியும்வரை மின் இணைப்பு கிடையாது. பூட்டிவிட்டு உங்களிடம் வந்துவிடலாம் என்றால், பூட்டை உடைத்து உட்கார இங்கே ஆள் காத்திருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் நியூ டவுன் அடுக்குமாடிகள் கல்யாண வீடு மாதிரி எரிகின்றன. நமக்கு மொட்டைமாடி பேனலும், நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்த நாலு பேட்டரியும்தான் கதி.

போன வருஷம் பூராவும் ஒரு குறையும் இல்லை. இப்போது விடிவதற்கு வெகுநேரம் முன்பே இன்வெர்ட்டர் கீச் கீச் என்று கத்துகிறது. கொஞ்ச நேரத்தில் ஆக்சிஜன் மெஷின் நின்றுவிடுகிறது. பகலில் விட்டுவிட்டு ஓட்டினாலும் பரவாயில்லை, தூங்கும்போது மெஷின் நிற்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கைவசம் ஒரு சிலிண்டர் இருக்கிறது. மெஷின் நின்றதும் கோமதி எழுந்து அதை இழுத்து வந்து மாட்டுகிறாள்.

என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

உங்கள்
கோவிந்தராஜன்

---

பாளையங்கோட்டை
27.11.2024

மாப்பிள்ளைக்கு,

காது போக மீதி எல்லாம் இங்கே சுகம். வசுமதி உங்கள் இருவரையும் ரொம்ப விசாரித்தாள்.

பேட்டரியைத் திட்டுவதற்கு முன் அதற்குச் சோறு போகிறதா என்று பாருங்கள். பேனலைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? உங்கள் பக்கம் எங்கே பார்த்தாலும் கட்டிட வேலை. சிமெண்டுத் தூசி படிந்தால் பாதி வெயில் வீண். விடிகாலையில், பேனல் சூடேறும் முன் வெறும் தண்ணீர் விட்டுத் துணியால் துடைக்க வேண்டும். கொடிக்கயிறு, தண்ணீர்த் தொட்டி எதனுடைய நிழலும் விழக் கூடாது. ஒரு மூலையில் நிழல் விழுந்தாலும் மொத்தமும் சுணங்கும்.

அடுத்து பேட்டரி முனைகள். வெள்ளையாகப் பூத்திருந்தால் இன்வெர்ட்டரை அணைத்துவிட்டு, சோடா உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நட்டை முடுக்கி, வாஸ்லின் தடவுங்கள். மூடிகளைத் திறந்து உள்ளே தண்ணீர் மட்டம் பாருங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர்தான் விட வேண்டும். குழாய்த் தண்ணீரை விட்டீர்களோ, நான் ரயிலேறி வந்து அடிப்பேன். மூடியில் ஊசித் துளைகள் இருக்கும், அவை அடைபடக் கூடாது. சார்ஜ் ஏறும்போது வருகிற வாயு போக அது ஒன்றுதான் வழி.

நீங்கள் மாடி ஏற வேண்டாம். யாரையாவது ஏற்றுங்கள்.

மஹாதேவன்

---

ராஜர்ஹாட்
9.12.2024

மச்சானுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று இங்கே நல்ல வெயில், வீட்டில் நல்ல குணம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

பேனலை அடுத்த வீட்டு ரஞ்சனா கழுவிக் கொடுத்தாள். வங்காளிப் பெண், கோமதியைச் சித்தி முறை வைத்து மாஷிமா மாஷிமா என்று சுற்றிவருகிறவள். தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடியதாம். முனைகளையும் துடைத்தாயிற்று.

இனி எழுதப்போவதைத் தங்கைக்குச் சொல்லாதீர்கள்.

அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் நானே பேட்டரி அறையில் உட்கார்ந்து மூடிகளைப் பார்த்தேன். மஞ்சளாக ஏதோ காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன். போகவில்லை. ஆணியால் சுரண்டி மோந்து பார்த்தேன். சந்தனம். அதன் மேல் குங்குமம். ஒவ்வொரு பேட்டரியிலும், ஒவ்வொரு மூடியிலும், துளைகளுக்கு நேர் மேலே, அளவெடுத்த மாதிரி அழகாக வைத்திருக்கிறாள்.

ஆயுத பூஜையன்று அவள் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. அரிவாள்மனை, தையல் மெஷின், எல்லாவற்றுக்கும் வைத்துவிட்டு அந்த அறைக்குப் போனாள். “பேட்டரிக்குமா?” என்று சிரித்தேன். “உங்களுக்கு மூச்சு குடுக்கது இதுதானே. இதுக்கு வைக்காம வேற எதுக்கு வைக்கச் சொல்லுதிய?” என்றாள். கெட்டியாகவே குழைத்திருந்தாள், உதிர்ந்துவிடக் கூடாதென்று.

இரண்டு பேட்டரி வயிறு வீங்கி நிற்கின்றன. ஓரத்தில் அமிலம் கசிந்திருக்கிறது. உள்ளே தண்ணீர் தகட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. நான் எல்லாத் துளைகளையும் திறந்துவிட்டு, டிஸ்டில்ட் வாட்டரும் விட்டேன். வேலை முடிந்து எழுந்திருக்க முடியாமல் அவள் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் விட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

இவை பிழைக்குமா? இரண்டை மட்டும் மாற்றினால் போதுமா?

கோவிந்தராஜன்

---

பாளையங்கோட்டை
18.12.2024

மாப்பிள்ளைக்கு,

வசுமதிக்குச் சளி. எனக்கு உங்கள் கடிதம். இரண்டும் நெஞ்சில் கட்டிக்கொண்டன.

மழுப்பாமல் எழுதுகிறேன். வீங்கியவை பிழைக்காது. மற்ற இரண்டும் தகடு வெளியே தெரியக் காய்ந்திருந்தால் சல்பேட் படிந்திருக்கும். அது சிறுநீரகக் கல் போல இல்லை, கரைந்து போக. மெதுவாக நீளச் சார்ஜ் ஏற்றிப் பாருங்கள். கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி காட்டும், நம்பாதீர்கள். பகலில் சீக்கிரமே நிறைந்துவிட்டதாகக் காட்டும். ராத்திரி சுமை ஏறியதும் படுத்துவிடும்.

இரண்டை மட்டும் மாற்றக் கூடாது. கிழட்டு மாட்டோடு கன்றை நுகத்தில் பூட்டினால் கன்றும் சேர்ந்துதான் கெடும். நாலும் புதிதாக வேண்டும். நான் வாங்கி அனுப்புகிறேன். முறுக்கிக்கொள்ளாதீர்கள்.

அதுவரை ஃப்ரிட்ஜை அணையுங்கள். ராத்திரியில் மெஷினைத் தவிர வேறு எதுவும் ஓடக் கூடாது.

கோமதிக்குச் சொல்ல மாட்டேன். சந்தனம் அரைக்க எங்கள் வீட்டில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கை அப்படி.

மஹாதேவன்

---

ராஜர்ஹாட்
12.1.2025

அண்ணனுக்கு,

உங்களுக்கும் மதினிக்கும் பொங்கல் நல்லபடியாக அமையட்டும். மதினிக்குச் சளி விட்டதா? மிளகு ரசம் வைத்துக் குடிக்கச் சொல்லுங்கள்.

இவர் உங்களுக்குப் பதில் எழுதவில்லை என்று தெரியும். பனியில் மூச்சு ரொம்ப இழுக்கிறது, பேனா பிடிக்க முடியவில்லை. மூன்று நாளாகச் சூரியனே வரவில்லை. நீங்கள் பேட்டரி அனுப்புவதாகச் சொன்னதைப் படித்துவிட்டு, “மச்சான் வீட்டுப் பேட்டரியில மூச்சு விட்டான்னு பேர் வாங்கணுமா?” என்று கத்தினார். கத்தியதற்கு அன்று பூராவும் இருமினார். உங்கள் கடிதத்தை எனக்குக் காட்டவும் இல்லை.

ஃப்ரிட்ஜ் அணைத்தாயிற்று. கீச் கீச் சத்தம் ராத்திரியில் எழுப்பிக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் சிலிண்டரை இழுத்து வர வேண்டும். அதை நிரப்பித் தருகிற கடைக்காரனும் இந்தப் பாதையில் வண்டி வராது என்கிறான்; ரஞ்சனா வீட்டு ரிக்‌ஷா வேனில்தான் போய் வருகிறது. முந்தாநாள் சிலிண்டரோடு நானும் விழுந்தேன். அடி ஒன்றும் பெரிதில்லை. அவர்தான் படுக்கையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார், எழுந்து வர முடியாமல்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கண்பட்டு பேட்டரி கெடுமா? அதையும் ஒரு ஆளாக நினைத்துத்தான் பூஜைக்குப் பொட்டு வைத்தேன். வைத்து ஒரு மாதம் ஆகவில்லை, இப்படிப் படுத்துவிட்டது. நான் வேளை பார்க்காமல் வைத்துவிட்டேனோ என்று இருக்கிறது. இவரிடம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

தங்கை
கோமதி

---

பாளையங்கோட்டை
24.1.2025

கோமதிக்கு,

நாங்கள் நலம். மதினிக்குச் சளி போய்விட்டது.

பேட்டரிக்குக் கண்ணும் படாது, வேளையும் கிடையாது. அதற்கு வயசாகிவிட்டது. அவ்வளவுதான். வேறு எதையும் மனசில் போட்டுக்கொள்ளாதே.

அவரைச் சரி சொல்ல வை, புதிது அனுப்புகிறேன். முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்
மஹாதேவன்

---

ராஜர்ஹாட்
20.2.2025

மச்சானுக்கு,

பனி விலகிவிட்டது. கோமதி அனுப்பச் சொன்ன நலமும் நான் அனுப்பும் நலமும் இந்த ஒரே தாளில் வருகின்றன.

நல்ல செய்தி. பேட்டரி எழுந்துவிட்டது! நீங்கள் சொன்னபடி நீளச் சார்ஜ் ஏற்றினேன். நீங்கள் கைராசிக்கார வைத்தியர்தான். பத்து நாளாக ராத்திரி ஒரு சத்தம் இல்லை. மெஷின் விடியும்வரை ஓடுகிறது. நீங்கள் கேட்பீர்கள் என்று காலையில் வெயில் வரும் முன்பே மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் பன்னிரண்டரை வோல்ட் காட்டுகிறது, அந்த வீங்கின இரண்டு உட்பட.

கோமதி தூங்குகிறாள். குறட்டை விட்டுத் தூங்குகிறாள். முகத்தில் களை வந்துவிட்டது. நேற்று ரஞ்சனாவிடம் வங்காளத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று!

ஆகவே புது பேட்டரி எதுவும் வேண்டாம். உங்கள் அன்புக்கு வணக்கம்.

கோவிந்தராஜன்

---

பாளையங்கோட்டை
1.3.2025

மாப்பிள்ளைக்கு,

கடிதம் கண்டு வசுமதி பாயசம் வைத்தாள். ஒரு வாய் குடித்துவிட்டு நீங்கள் எழுதிய அளவைத் திரும்பப் படித்தேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

ராத்திரி முழுக்க அந்த மெஷினை இழுத்த பேட்டரி விடிகாலையில் பன்னிரண்டரை காட்டாது. நேற்றுக் கடையிலிருந்து வந்த பேட்டரியே காட்டாது. பன்னிரண்டைத் தொட்டுக்கொண்டு நின்றாலே அதிகம். வீங்கின பேட்டரி பன்னிரண்டரை காட்டுகிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: ராத்திரி அதன் மேல் பெரிய சுமை எதுவும் இல்லை.

மாப்பிள்ளை, மெஷின் ஓடவில்லை. நீங்கள் அணைத்து வைக்கிறீர்கள்.

என்னிடம் பொய் சொல்வதென்றால் அளவையாவது மாற்றி எழுதியிருக்க வேண்டும். எனக்குக் காதுதான் போயிற்று.

வசுமதியை விட்டு இப்போதே கோமதிக்குப் போன் போடச் சொல்ல எழுந்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். ஏன் அணைத்தார் என்று கேட்பாள். பேட்டரி ஏன் கெட்டது என்று கேட்பாள். இரண்டுக்கும் என்னிடம் இருக்கிற பதில் ஒன்றுதான்.

கொல்கத்தாவில் ஒரு டீலரிடம் நாலு பேட்டரிக்குச் சொல்லிவிட்டேன். ஹோலி கழிந்து கொண்டுவந்து மாட்டுவதாகச் சொல்கிறான். அதுவரை மெஷினை அணைக்காதீர்கள். கத்தினால் கத்தட்டும். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

மஹாதேவன்

---

ராஜர்ஹாட்
10.3.2025

மச்சானுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே எல்லாரும் நலமாக இருங்கள்.

பிடிபட்டுவிட்டேன். உங்கள் தங்கை தூங்கியதும் அணைக்கிறேன். அவள் எழுந்திருக்கும் முன் போட்டுவிடுகிறேன். சத்தம் நின்றால் விழித்துக்கொள்வாளே என்று பழைய மேஜை விசிறியைக் கட்டிலுக்குக் கீழே ஓட விடுகிறேன். அதுவும் மெஷின் மாதிரியே கர்ரென்று இரையும். கொசுவுக்கு என்று சொல்லியிருக்கிறேன். நம்பிவிட்டாள்.

அவள் சிலிண்டரோடு விழுந்ததை நீங்கள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே, முதலில் எனக்குக் குழாயை மாட்டிவிட்டுத்தான் அழுதாள். இந்த மெஷின் என்னைக் குணமாக்காது. டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்: நுரையீரல் போனது போனதுதான், மெஷின் கொஞ்சம் தள்ளிப்போடும். தள்ளிப்போட்டு என்ன, அத்தனை ராத்திரியும் அவள் சிலிண்டர் இழுப்பாள்.

பேட்டரியை மறுத்துத் தப்புச் செய்தேன். அனுப்புங்கள். வரட்டும்.

சந்தனத்தை மட்டும் சொல்லாதீர்கள். நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அவள் என் உயிருக்கு வைத்த பொட்டு அது.

கோவிந்தராஜன்

---

ராஜர்ஹாட்
3.10.2025

அண்ணனுக்கு,

நீங்களும் மதினியும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் இருக்கிறேன்.

அவர் காரியமெல்லாம் முடித்து நீங்கள் ரயிலேறின மறுவாரம் டீலர் பேட்டரி கொண்டுவந்து மாட்டினான். ஹோலிக்குப் பிறகு என்றவன் சரக்கு வரவில்லை என்று இழுத்தடித்துவிட்டு, எல்லாம் போன பிறகு வந்தான். நான் உடனே எழுதியிருக்க வேண்டும். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஆறு மாதம் ஓடிவிட்டது.

வழக்கு அப்படியே இருக்கிறது. ஊருக்கு வந்துவிடு என்று மதினி போனில் கூப்பிடுகிறாள். அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்த வீட்டை எவனுக்கோ திறந்துவிட்டு எப்படி வர?

பேட்டரி ரொம்ப நன்றாக இருக்கிறது. ஒரு நாளும் கத்தவில்லை. மெஷினை ரஞ்சனா சொன்ன தர்ம ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டேன். எனக்கு ஒரு விளக்கும், ராத்திரி அவர் கொசுவுக்கு வைத்திருந்த மேஜை விசிறியும் போதும். விசிறி இல்லாவிட்டால் தூக்கம் வருவதில்லை. மெஷின் சத்தம் மாதிரியே இருக்கிறது.

வருஷம் திரும்பாமல் பண்டிகை கூடாது என்று தெரியும். இருந்தாலும் முந்தாநாள் ஆயுத பூஜை. வேறு எதற்கும் வைக்கவில்லை. நீங்கள் அவருக்காக வாங்கிய பேட்டரி, அதற்காவது மரியாதை செய்ய வேண்டாமா? சந்தனம் அரைத்து, கெட்டியாகக் குழைத்து, எல்லா மூடிக்கும் வைத்தேன். போன தடவை மாதிரி இல்லாமல் இந்தத் தடவை நல்ல வேளை பார்த்து வைத்தேன்.

கோமதி

---

பாளையங்கோட்டை
9.10.2025

கோமதிக்கு,

இங்கே நலம். உன்னை நினைக்காத நாளில்லை.

பொட்டு வைத்தது நல்லதுதான். ஆனால் பூஜை முடிந்த மறுநாள் ஈரத்துணியால் அதைத் துடைத்துவிட வேண்டும். வைத்தபடி விடுவது ஆகாது என்று அம்மா சொல்வாளே, ஞாபகமில்லையா? இந்தக் கடிதம் கிடைத்தவுடன் துடைத்துவிடு. துளைகளில் ஒட்டியிருந்தால் ஊசியால் எடு. வேறு ஒன்றும் இல்லை. சாஸ்திரத்துக்காகச் சொல்கிறேன்.

அண்ணன்
மஹாதேவன்

---

ராஜர்ஹாட்
18.10.2025

அண்ணனுக்கு,

நீங்களும் மதினியும் நலமாக இருங்கள்.

அம்மா அப்படிச் சொன்னதே இல்லை. நம் வீட்டு அரிவாள்மனையில் ஒரு வருஷப் பொட்டு அடுத்த வருஷப் பொட்டு வரைக்கும் அப்படியே இருக்கும். துடைத்தால் திட்டுவாள். வருஷா வருஷம் அந்தப் பொட்டை வைத்ததே நான்தான். எனக்கா ஞாபகமில்லை?

துடைத்துவிட்டேன். எங்கே ஒட்டியிருக்கும் என்று பார்க்காமலே எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான் ஒட்டியிருந்தது. ஊசியால் எடுத்தேன். எடுத்ததும் ஒரு மூடியிலிருந்து உஸ் என்று காற்று வெளியே வந்தது.

பிறகு பின்கட்டுக்குப் போனேன். பழைய பேட்டரிகளை டீலர் கேட்டபோது, அவர் கை பட்டதென்று நான் கொடுக்காமல் வைத்திருந்தேன். வயிறு வீங்கினது இரண்டு இருக்கிறது. எல்லா மூடியிலும் ஆணி வைத்துச் சுரண்டின கீறல். கீறலுக்குள் கொஞ்சம் மஞ்சள் இன்னும் இருக்கிறது. நான் கடைக்குப் போன அன்று அவர் பேட்டரி அறையில் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்ததை நினைத்துக்கொண்டேன். தண்ணீர் விட்டேன் என்றார்.

ராத்திரி விசிறியைப் போட்டேன். கட்டிலுக்குக் கீழே வைத்துப் போட்டால் அது மெஷின் மாதிரியே இரைகிறது. கட்டிலுக்குக் கீழே எந்தக் கொசுவுக்கு விசிறி வைப்பார்கள், அண்ணா? நான் ஒரு நாள்கூட அதை அவரிடம் கேட்கவில்லை. அந்த நாட்களில் நன்றாகத் தூங்கினேன். தூக்கம் வந்ததே என்று மறுநாள் ரஞ்சனாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். நீங்கள் ‘அதெல்லாம் இல்லை’ என்றுதான் எழுதுவீர்கள். அவரும் அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பார்.

பேட்டரி நிறைந்து நிற்கிறது. இன்வெர்ட்டரை அணைத்துவிட்டேன். இதை மெழுகுவத்தி வைத்துத்தான் எழுதுகிறேன், எழுத்து சரியாகத் தெரியவில்லை. மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கோமதி